கியர் மாறுவதே தெரியாத வண்டி

"கியர் மாறுறதே தெரியல சார். தொட்டில்ல படுத்துப் போற மாதிரி இருக்கு!"

ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஸ்பீக்கரில் இருந்த கைபேசியைப் பார்த்து முழங்கினார் 'சக்கரச் சித்தர்'. அந்தப் பெயரில்தான் அவர் பத்திரிகையில் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியர் அந்தப் பத்தியை நிறுத்திய பிறகு, வீட்டில் அவரைத் திட்டுவதுகூட எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

இன்று கடைசி வாய்ப்பு. படிப்படியாகக் கியர் மாறாமல் வழுக்கினாற்போல வேகம் கூடும் இந்தப் புது மாதிரி எஸ்.யூ.வி.யை வாடகைக்கு எடுத்து, ஓட்டும்போதே ஆசிரியருக்கு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பிடித்தால் பத்தி அவருக்கு. இல்லையென்றால் அதற்கு வேறு ஆள் தயார்.

"மிதிச்சா இஞ்சின் மட்டும் கத்துது, வண்டி சாவகாசமா வருதுங்கறாங்களேய்யா?" என்றார் ஆசிரியர்.

"வயித்தெரிச்சல் சார். உங்களுக்கு இஞ்சின் சத்தம் கேக்குதா?"

"கேக்கலையே!"

"அதான் சார் விஷயம்!"

பக்கத்து இருக்கையில் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "இதெல்லாம் ஒரு பொழப்பு..." என்று ஆரம்பித்தவளைச் சித்தர் கண்ணாலேயே கெஞ்சி அடக்கினார்.

"சீட் உயரம் எப்படி?"

"யானை மேல அம்பாரி சார்! பக்கத்துல போற பஸ் டிரைவர் கண்ணுக்கு நேரா தெரியறாரு." அந்த டிரைவர் வாயைப் பிளந்து இவரையே பார்த்துக்கொண்டு போனார். "மனுஷன் அசந்துட்டாரு!"

"மேடு பள்ளம்?"

"அதெல்லாம் கீழ வேற யாருக்கோ நடக்குற மாதிரி இருக்கு சார்."

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "பழைய சித்தரா திரும்பி வந்துட்டேய்யா! பிரேக் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டு, நாளைக்கே ஆபீசுக்கு வந்துடு."

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். சித்தருக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து, துளிகூடக் குலுங்காமல் எல்லாம் நின்றது.

"பிரேக்கா? இதோ, இப்பத்தான் நின்னுது சார். நான் மிதிச்ச மாதிரியே இல்ல!"

கண்ணாடி படபடவென்று தட்டப்பட்டது. வெளியே கிரீஸ் கையோடு ஓர் ஆள், ஸ்பீக்கருக்கு வேலையே இல்லாத குரலில் கத்தினார்:

"ஒர்க்‌ஷாப் வந்தாச்சு, எறங்குங்க சார், லாரி மேலேர்ந்து உங்க செத்த வண்டிய எறக்கணும்!"