செருப்பு கிடந்த திசை

துகள்களின் குவாண்டம் பிணைப்பைப் பற்றிப் பேச மீனவர் ஊருக்கு வந்த பேராசிரியர் இளவழகன், கடற்கரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டார். இவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கோயில் மண்டபத்தில் செருப்புகளை இரண்டு பைகளில் தனித்தனியாகப் போட்டுக் கட்டினார். ஒன்றை முன்வரிசையிலும் மற்றதை வாசலருகிலும் கொடுத்தார்.

“பிரிச்சுப் பாருங்கம்மா. உங்ககிட்ட இடது இருந்தா அங்க இருக்கறது வலது. எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் அந்த நொடியே தெரிஞ்சிடும். துகள் இன்னும் விசித்திரம். பார்க்கிற வரைக்கும் எது இடதுன்னு முடிவே ஆகியிருக்காது.”

முன்வரிசையில் இருந்த ரோஸ்லெட் பையைப் பிரித்தாள். செருப்பை வெளியே எடுத்தாள்.

“எங்க வீட்டுக்காரர் செருப்பு சார். போட்ல ஏறும்போது கழத்திப் போட்டது. போன போட் இன்னும் கரைக்கு வரல. வந்து மாட்டட்டும்னு நாலு நாளா ஊர்ல யாரும் தொடல.”

செருப்பை அவர் பக்கமாக நீட்டினாள்.

“இதைப் பார்த்தா தூரத்துல உள்ளது தெரியும்னீங்களே. அவரு இருக்காரா சார்?”

“அப்படி ஒரு சேதியும் இதுல வராதும்மா.” பிணைப்பால் சேதி அனுப்ப முடியாது என்று அவர் எழுதி வந்திருந்த உரையின் கடைசி வரியும் அதுதான்.

அவள் செருப்பைத் தடவினாள். “வந்ததும் மாட்டத் தோதா, எப்பவும் ஊரைப் பார்த்துத் திருப்பி வச்சிட்டுத்தான் ஏறுவாரு. அன்னைக்கு வீட்டுல பெரிய சண்டை. கிட்டப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. நீங்க எடுக்கையில எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்துச்சு?”

இரண்டும் கடலைப் பார்த்துத்தான் கிடந்தன. மண்டபம் மொத்தமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.