அரை இஞ்ச்

ஒன்பதாவது மாடியில் மேனேஜரின் அறைக்குள் நுழைந்ததுமே, கேஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று இன்ஸ்பெக்டருக்குப் பட்டது. கண்ணாடி அலமாரி காலி. இந்த ஆபீஸ் கட்டடத்தையே ஒரு சாண் உயரத்துக்குத் தங்கத்தில் வார்த்து, கம்பெனி வெள்ளி விழாவுக்காக அதில் வைத்திருந்தார்கள். காலையில் பார்த்தால் மாயம். நேற்று முழுக்க இந்த அறையில் தனியாக இருந்தவர் ஒரே ஒரு ஆள்தான்.

அந்த ஆள், திரைக்காரர், மூலையில் ஏணியைப் பிடித்தபடி நின்றார்.

கட்டடம் முழுக்கக் கண்ணாடி, அதுவும் வளைந்து வளைந்து போகும். ஒரு ஜன்னல் அளவு இன்னொன்றுக்குச் சேராது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவெடுத்து, வெயில் பட்டால் தானே இறங்குகிற திரையை மாட்டுவது அவர் தொழில். இந்த அறை சும்மா மாதிரிக்கு. பிடித்துப்போனால் மீதி பதினோரு மாடியும் அவருக்குத்தான்.

"நான் மத்தியானத்துல இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் மூணாவது மாடியில மீட்டிங் சார். இந்தப் பக்கம் தலைகூடக் காட்டல" என்றார் மேனேஜர். "திரை இறங்கிட்டா வெளிய நிக்கிறவனுக்கு உள்ள நடக்கிறது ஒண்ணும் தெரியாது. நானே பட்டப்பகல்ல ரோட்டுல நின்னு பார்த்து எடுத்த துணி. அந்தத் தைரியத்துலதான் இவன் கைவரிசையைக் காட்டிட்டான்."

இன்ஸ்பெக்டர் திரைக்காரர் பக்கம் திரும்பினார். "நேத்து எப்பய்யா கிளம்பின?"

"அஞ்சரைக்கு சார். நேரா வீட்டுக்கு."

கதவோரம் நின்றிருந்த வாசல் காவலாளி தொண்டையைக் கனைத்தார். "இல்ல சார். ஏழு மணி வரைக்கும் எதிர் பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு, இந்த மாடியையே அண்ணாந்து பார்த்துட்டு இருந்தாரு. செல்லுல போட்டோ வேற எடுத்தாரு."

திரைக்காரருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"போட்டோ யாருக்கு அனுப்பின? கூட்டாளி யாரு?"

"ஐயோ, கூட்டாளியெல்லாம் இல்ல சார்! தப்புப் பண்ணினது நான் ஒருத்தன்தான்." மனிதர் அழுதே விட்டார். "வெளிய தெரிஞ்சா என் பொழப்பே போயிடும்னு மறைச்சுட்டேன். என்னை நம்பி என் மச்சான் இருந்த வேலையையும் விட்டுட்டு வந்திருக்கான் சார்."

"பார்த்தீங்களா!" என்றார் மேனேஜர், குளிர்ந்துபோய்.

இன்ஸ்பெக்டர் விலங்கை வெளியே எடுத்தார். "ம், மிச்சத்தையும் சொல்லு."

"அந்த நடு ஜன்னல் சார். அதுக்கு மட்டும் திரையை அரை இஞ்ச் கட்டையா வெட்டிட்டேன்."

இன்ஸ்பெக்டர் விலங்கும் கையுமாக நின்றார்.

"ஓரத்துல இடுக்கு விழுந்திருக்கு. அது கீழ இருந்து தெரியுதான்னு பார்க்கத்தான் நின்னேன். பகல்ல இந்தத் துணிக்குள்ள ஒண்ணும் தெரியாது சார். பொழுது சாஞ்சு உள்ள லைட் எரிஞ்சா அப்படியே தலைகீழ். எந்த வேலை முடிச்சாலும் அந்த நேரத்துலதான் எதிர்ல நின்னு குறை பார்ப்பேன். ஆறே முக்காலுக்கு லைட் எரிஞ்சுது, டக்குனு ஒரு போட்டோ எடுத்துட்டேன். இடுக்கு தெரியவே இல்ல சார். நீங்களே பாருங்க!"

"இதையெல்லாம் பார்த்துக்கிட்டு எதுக்கு சார் நேரத்தை வீணாக்கணும்?" என்று மேனேஜர் அவசரமாகச் செல்லுக்குக் கை நீட்டினார். அதற்குள் இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிவிட்டார்.

திரைக்காரர் சொன்னது சரிதான், இடுக்கு கொஞ்சமும் தெரியவில்லை. தங்கக் கட்டடத்தைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த மேனேஜர்தான் பளிச்சென்று தெரிந்தார்.