எல்லா மொழியும் தெரிந்த பெட்டி

வேறு கிரகத்திலிருந்து வந்த நான், வேட்டி கட்டிய வழிப்போக்கனாக உருமாறித் தா.பழூரில் இறங்கியது, 1979-ம் வருட நடவுக் காலத்தில். கையில் என் பெட்டி. பார்வைக்கு டிரான்சிஸ்டர்தான். ஆனால் யார் எந்த மொழியில் பேசினாலும், கேட்பவருக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்லிவிடும்.

ஒரு பெரிய வீட்டு வாசலில், தோளில் குழந்தையோடு வேம்பு என்ற பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க. வண்டியக் குடுத்தீங்கன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவேன்.”

பக்கத்திலேயே மாடு பூட்டிய வண்டி நின்றது. நிலக்காரர் பஞ்சநாதன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்:

“நாளைக்கு நடவுக்கு ஆள் கொறையக் கூடாது, ஆமா.”

பாவம், அவள் மொழி இவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

அவள் அழுதுகொண்டே மறுபடி சொன்னாள். பெட்டி அதைக் கணீரென்று அவரிடம் சொன்னது.

“யோவ், ரேடியோவ நிறுத்துய்யா” என்று என்னை அதட்டியவர், அவளிடம் திரும்பினார். “விடியறதுக்குள்ள வயலுக்கு வந்துடணும். போ.”

பெட்டி கெட்டுவிட்டதோ என்று பதறிப்போய்த் திறந்து பார்த்தேன். நான் நிமிர்வதற்குள் குழந்தையின் மூச்சு நின்றிருந்தது.

பெட்டிக்குள் ஒரு வரி ஒளிர்ந்தது.

‘பழுது ஏதும் இல்லை. இருவர் பேசுவதும் ஒரே மொழி.’