தேதி இல்லாத பெயர்

"தம்பி, பட்டியல்ல முதல் பேரு தப்பா வருதுன்னு காலையிலேர்ந்து கத்துறேன். நீ என்னடான்னா கோப்பி குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கே!"

நவமணி அலுத்துக்கொண்டாள். ஜார்ஜ் டவுனில் அந்த இலவச ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு அவள்தான் எல்லாம். பதிவு, போன், சண்டை, சமாதானம், எல்லாம் அவள் தலையில். அங்கே சிகிச்சை பெற்றுவந்த ஆனந்தராஜா இறந்து நாலு நாள் ஆகிறது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. அந்த ஒரு நாற்காலிக்கு முப்பத்தெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

"நாளைக்குப் பார்க்கலாமாக்கா? தலை சுத்துது," என்றான் குகன்.

மையத்தின் இணையப் பதிவுப் பக்கத்தைக் காசு வாங்காமல் செய்து கொடுத்தவன். ஓரளவுக்கு மேல் அதட்டவும் முடியாது. கண்ணுக்குக் கீழே கருவளையம். விடிய விடிய கேம் விளையாடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆள் வந்து உட்காரணும்லா! நிபோங் திபால் கார்த்திகேசு பதினோரு மாசமா காத்துக்கிட்டிருக்காரு. வாரம் மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ண தைப்பிங் வரைக்கும் காடியில போயிட்டு வர்றாரு. அவர் சம்சாரம் தினம் போன்ல அழுவுது. இங்க யாரோ புஷ்பவள்ளியாம், முதல்ல நிக்கிறாங்க. சிஸ்டம் அவங்களுக்கு 'நாளைக்கு வாங்க'ன்னு மெசேஜும் அனுப்பிருச்சு."

குகன் மடிக்கணினியைத் திறந்தான். அதற்கே ஒரு யுகம் எடுத்துக்கொண்டான்.

"பேரெல்லாம் பதிஞ்சிருக்கிற டேபிள்ல ஒவ்வொரு வரியையும் பிஎச்பி புரோகிராம் ஒரு ஆப்ஜெக்டா, ஒரு பொட்டலம் மாதிரி எடுத்துத் தருதுக்கா. ஒரு ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட். பேரென்ன, எப்பப் பதிஞ்சாங்க, எல்லாம் அதுகிட்டயே கேட்டுக்கலாம். நான் தேதியைக் கேட்டுத்தான் வரிசையா நிக்க வைக்கிறேன். இந்த ஒரு ஆப்ஜெக்ட்ல மட்டும் தேதி இல்ல, காலி. காலியா இருந்தா அது எல்லாருக்கும் முன்னால வந்துரும்."

"நல்ல நியாயம்லா! ஏன் காலியா இருக்கு?"

"ஃபார்ம்ல நிரப்பினா தேதி தானா விழும். போன மாசம் பக்கத்தை மாத்தினப்போ, சரியா வருதான்னு பார்க்க, இவங்களை நான்தான் நேரா டேபிள்ல போட்டேன். தேதி போட மறந்துட்டேன்."

"அப்ப பொய்ப் பேரா? அழிச்சிடு, வேலை முடிஞ்சுது."

"இல்லக்கா. ஆளு இருக்காங்க. நோயும் இருக்கு."

பொய்ப் பேராக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

"சரி, என்ன தேதியோ அதைப் போடுப்பா. நீ எதைப் போட்டாலும் எனக்கென்ன தெரியப்போவுது?"

குகனின் விரல்கள் அசையவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பிறகு மெதுவாகத் தட்டினான். போன மாதம் பன்னிரண்டாம் தேதி. மறுபடி பட்டியல் வந்தபோது கார்த்திகேசு முதலில் இருந்தார். புஷ்பவள்ளி முப்பத்தாறாவது இடத்துக்குப் போயிருந்தார்.

நவமணி உடனே நிபோங் திபாலுக்குப் போன் போட்டாள். கார்த்திகேசுவின் மனைவிக்கு வழக்கம்போல் அழுகைதான் வந்தது. இன்றைக்காவது சந்தோஷ அழுகை.

இனி அந்த இன்னொரு போன். வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் அவளிடம் தெம்பே மிச்சமில்லை. திட்டுவார்களோ, கெஞ்சுவார்களோ. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பெருமூச்சு விட்டபடி, புஷ்பவள்ளியின் பதிவில் இருந்த எண்ணை மேசைத் தொலைபேசியில் அழுத்தினாள்.

எதிரே குகனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவன் எடுத்துக் காதில் வைத்து, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்க்கா," என்றான்.