அப்பா ரொம்பச் சூடு

என் பெயர் தோவான். வயது இருபத்தாறு. கொரியாவில், ஆன்சானில் இருக்கிறேன். கையெல்லாம் கிரீஸ், அதனால் வாயால் சொல்லியே எழுதுகிறேன்.

நேற்று ராத்திரியும் மகள் லான் எங்கள் படுக்கைக்கு வந்துவிட்டாள்.

"உன் கட்டில் என்னடி ஆச்சு?" என்றேன்.

"அதுக்கடியில பேய் இருக்குப்பா." எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் முனகினாள். "அம்மா, அப்பா ரொம்பச் சூடா இருக்காரு."

"தள்ளிப் படுடி," என்றாள் என் மனைவி ஹுவே, கண்ணைத் திறக்காமலே.

லான் தள்ளிப் படுக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டாள். தரையில் குப்புற விழுந்தேன். கூப்பிட்டும் யாரும் எழவில்லை. விடியும்வரை அப்படியே கிடந்தேன்.

காலையில் தொழிற்சாலையில் மேஸ்திரி பாக் சிரித்தார். "என்னப்பா, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு? மக இன்னைக்கும் உருட்டி விட்டுட்டாளா? பேசாம நீ தனியாத் தூங்கேன்!"

எப்படித் தூங்குவேன்? லானைக் கைக்குழந்தையாக வியட்நாமில் விட்டுவிட்டு வந்தவன் நான். அவள் பக்கத்தில் நான் படுப்பதெல்லாம், ஹுவே தலையணைமேல் வைக்கும் போனில், வீடியோ காலில்தான்.

வீட்டில் இதை யார் படித்தாலும் சரி, இன்று போனைச் சுவரோரமாகச் சாய்த்து வையுங்கள். அவள் முகம் தெரிந்தால் போதும்.