இன்னொருத்தர் விலை

“ஒட்டின டெண்டர் கவரைப் பிரிச்ச பிறகு பேரம் பேசலாமா மேடம்?” என்றார் தச்சுப் பட்டறைக்காரர்.

“கூடாதுதான். ஆனா இன்னொருத்தர் உங்களைவிடக் குறைக்கிறாங்களே!” என்று சிரித்தார் பள்ளிக்கூடத்தின் கொள்முதல் அதிகாரி.

மேற்கொண்டு நியாயம் பேசும் யோக்கியதை பட்டறைக்காரருக்கும் இல்லை. இருநூறு நாற்காலிக்கான இந்த ஆர்டர் கைநழுவினால் பட்டறையை மூட வேண்டியதுதான். எட்டுப் பேரின் பிழைப்பு அது.

“சரி, நாற்காலி எழுநூறு.”

அதிகாரி போனோடு வராந்தாவுக்குப் போய்த் திரும்பினார். “அங்கே அறுநூற்றைம்பதாம்.”

“யாரு மேடம் அது, எனக்குன்னு வந்த எமன்?”

“பேரைச் சொல்றது தர்மமில்லையே!”

“அறுநூறு.” அந்த விலைக்கு மரம்கூட வராது.

மறுபடி வராந்தா. “ஐநூற்றைம்பது சொல்லிட்டாங்க. நீங்க போயிட்டு வாங்க.”

தளர்ந்து வீடு திரும்பியவரை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ஜெயிச்சாச்சு! போட்டிக்கு ஆள் காட்டணும்னு என் பேர்லயும் ஒப்புக்கு ஒரு டெண்டர் போட்டீங்களே, அந்த மேடம் போன் மேல போன்! உங்க போன் அணைஞ்சு கிடந்துச்சு. எவனோ ஒருத்தன் விடாம குறைச்சானாம். நான் விடுவேனா? அவன் அறுநூறுன்னான், நான் ஐநூற்றைம்பதுன்னேன். கையெழுத்துப் போட்டும் அனுப்பிட்டேன்!”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, முகத்துல ஈயாடல?” என்று அருகில் உட்கார்ந்தாள். “பாவம், அந்த ஆளு வீட்டுல இப்ப என்ன பாடோ!”