இரண்டாவது ஜாய்ஸ்டிக்

கேம் பாதியில் நின்றால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்படுவேன். கிருஷ்ணகுமாரி அக்கா கொண்டுவந்த கம்ப்யூட்டரின் விசிறியைத் துடைத்தேன், ரேமை மாற்றினேன், விண்டோஸையும் புதிதாகப் போட்டேன். அரநாயக்கவில் என் கடையில் நானும் தம்பியும் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கோடு நாள் முழுக்கக் கிரிக்கெட் ஆடிப் பார்த்தோம். நிற்கவே இல்லை. தோட்டத்தில் அக்கா குடியிருக்கும் லயத்துக்குப் போனதும் மறுபடி நின்றதாம்.

எரிச்சலோடு நானே தோட்டத்துக்குப் போனேன். அக்காவின் மகள் தர்ஷினி ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

“மத்தது எங்க?”

“அண்ணன்கிட்ட இருக்கு நானா.” முஸ்லிம் கடைக்காரன் என்பதால் நான் அவளுக்கு நானா.

சுவரில் மாலை போட்ட படம். அண்ணனுக்குப் பிடித்ததென்று கருமாதிப் படையலில் வைத்த மற்ற ஜாய்ஸ்டிக், இன்னும் படத்துக்கு முன்னாலேயே இருந்தது.

“அத அங்கயிருந்து எடுக்கக் கூடாது தம்பி,” என்றார் அக்கா.

எடுக்கவில்லை. இரண்டாவது ஜாய்ஸ்டிக் கிடைக்காததால்தான் கேம் நிற்கிறது என்று புரிந்தது. நீள வயர் போட்டு, இருந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் செருகினேன். அதன்பிறகு ஆட்டம் நிற்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைச் செருகிவிட்டால் எதிரணிக்காகக் கம்ப்யூட்டர் பந்து போடாது. யாராவது அதை அமுக்க வேண்டும்.

உள்ளே தர்ஷினியின் குரல் கேட்டது.

“அண்ணே, இவ்வளவு வேகமாப் போடாத. நான் இன்னும் ரெடியாகல.”